ரீமேக் உரிமை வாங்கும் முன்: தமிழ்ச் சேனல்களின் கதைப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சிகளிலும் ஓடிடி தளங்களிலும் கதை தேர்வு செய்யும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

ஒரு கொரியத் தொடரின் ரீமேக் உரிமைக்கு முன்பணம் கொடுக்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் சீரியல் திங்கள் முதல் சனி வரை வருகிறது. அரைமணி நேர ஸ்லாட்டில் விளம்பரமும் ரீகேப்பும் டைட்டில் பாட்டும் போகக் கதைக்கு மிஞ்சுவது சுமார் 22 நிமிடம். வாரத்துக்கு 132 நிமிடம். 16 எபிசோட் கொண்ட கொரியத் தொடரில் ஒரு எபிசோட் 65 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 17 மணி நேரத்துக்குச் சற்று மேல். எட்டே வாரத்தில் தீர்ந்துவிடும். ஒன்பதாவது வாரத் திங்கட்கிழமை உங்கள் கையில் மூலக்கதை இருக்காது.

அதற்குப் பிறகு என்ன வரும் என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். நாயகிக்கு ஞாபகம் போகும், பாலில் யாராவது எதையாவது கலப்பார்கள், பக்கத்து ஸ்லாட் சீரியலோடு மகாசங்கமம் நடக்கும். எழுதுகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 17 மணி நேரத்துக்கென்று கட்டிய கதையில் 200 மணி நேரத்துக்கான முடிச்சுகள் இருக்க வாய்ப்பில்லை.

இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டவர்கள் துருக்கிக்காரர்கள். அங்கே இரவுநேரத் தொடர் வாரத்துக்கு ஒருமுறைதான், ஆனால் ஒரு எபிசோடே 2 மணி நேரத்தைத் தாண்டும். அவர்களுடைய ஒரு எபிசோடும் உங்களுடைய ஒரு வாரமும் கிட்டத்தட்ட ஒரே நீளம். ஆகவே ஜப்பானிய, கொரியக் கதையைத் தமிழில் எடுக்க நினைப்பவர்கள் மூலத்தை ஒருமுறை பார்த்தால், அதன் துருக்கி வடிவத்தை இரண்டுமுறை பார்க்க வேண்டும்.

சகமோத்தோ யூஜி எழுதி 2010-இல் ஜப்பானின் நிப்பான் டிவியில் வந்த ‘மதர்’ 11 எபிசோட். தாயும் தாயின் காதலனும் வதைக்கும் ஒரு சிறுமியை அவளுடைய பள்ளி ஆசிரியையே கடத்திக்கொண்டு போய், தன் மகள் என்று சொல்லி வளர்க்கப் பார்க்கிறாள். சட்டப்படி அது ஆள்கடத்தல். மொத்தக் கதையும் எட்டரை மணி நேரம். உங்கள் கணக்கில் நான்கு வாரம்கூட வராது. 2016-இல் துருக்கி ஸ்டார் டிவியில் ‘அன்னே’ என்ற பெயரில் வந்தபோது அதுவே 33 எபிசோட் ஆனது. 2018-இல் கொரியாவின் டிவிஎன் 16 எபிசோடில் எடுத்தது.

கூடுதல் நேரத்தை எங்கே செலவழித்தார்கள் என்பதுதான் படிக்க வேண்டிய பாடம். ஜப்பானியத் தொடர் வதைக்கிற தாயின் முன்கதைக்கு அளவாகவே இடம் கொடுக்கிறது; அவளும் ஒரு காலத்தில் தனியே நின்று பிள்ளை வளர்த்துத் திணறியவள் என்று காட்டிவிட்டு நகர்கிறது. துருக்கியில் அந்தத் தாயும் காதலனும் நீண்டு ஓடும் இணைக்கதை ஆனார்கள். கொரியா காதலனுக்கு ஒரு கொடிய கடந்தகாலத்தைக் கொடுத்து அந்தப் பகுதியைத் த்ரில்லராக்கியது. இரண்டு நாடும் புதிதாக ஒரு வில்லியை இறக்குமதி செய்யவில்லை; மூலத்தில் ஏற்கெனவே இருந்து, இடமில்லாமல் சுருங்கிக் கிடந்த பாத்திரத்தைத்தான் விரித்தார்கள். ஆசிரியையைப் பெற்றவள், வளர்த்தவள், சிறுமியைப் பெற்றவள், கடத்திய ஆசிரியை என நான்கு தாய்மார் கதைக்குள்ளேயே இருப்பதால் விரிக்க இடமும் இருந்தது.

இதைவிடத் துணிச்சலான வேலை துருக்கியின் ‘காதின்’. சகமோத்தோவின் 2013 தொடரான ‘வுமன்’ 11 எபிசோட்: கணவனை இழந்து இரண்டு குழந்தைகளோடு வறுமையில் வாழும் பெண்ணுக்கு ரத்த நோய் வருகிறது. ஜப்பானியக் கதையில் கணவன் இறந்தவன் இறந்தவன்தான். துருக்கியில் அவன் உயிரோடு வேறொரு குடும்பத்தில் இருக்கிறான். அந்த ஒரு மாற்றத்தில் 2017 முதல் 2020 வரை 81 எபிசோட் ஓடியது. மூலத்தின் துயரத்தை அது கரைத்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டோம். ஆனால் அது கதையின் அச்சிலேயே செய்த மாற்றம். நடுவழியில் ஒட்டிய ட்ராக்காகத் தெரியவில்லை.

துருக்கியிடம் எடுத்துக்கொள்ளக் கூடாததும் உண்டு. ஒரு பார்வைக்கு ஒரு நிமிடம், அதற்குப் பின்னணி இசை, மறுபடி அதே பார்வை. அந்தக் கலையில் நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஓடிடிக்காரர்களுக்குச் சிக்கல் தலைகீழ். 8 எபிசோட், ஒன்றுக்கு 40 நிமிடம் என்றால் ஐந்தரை மணி நேரம்கூட இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ஜப்பானை. கொரியாவின் கேபிஎஸ்-இல் 2013-இல் 20 எபிசோட் வந்த ‘குட் டாக்டர்’, 2018-இல் ஃபுஜி டிவியில் 10 எபிசோட் ஆனது. காதல் இழையை மெலிதாக்கி, குழந்தைகள் அறுவைப் பிரிவின் நோயாளிகளை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அதே கதை துருக்கியில் 64 எபிசோட், அமெரிக்காவில் 126. வாரம் ஒரு நோயாளி வந்து போகும் அமைப்பு என்பதால் அதைக் குறைக்கவும் முடிகிறது, கூட்டவும் முடிகிறது. எல்லாக் கதைக்கும் அந்த வசதி கிடையாது.

அடுத்தது சட்டம். இதில்தான் ரீமேக்குகள் சத்தமில்லாமல் உடைகின்றன. 2016-இல் வந்த கொரியாவின் ‘சிக்னல்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்தகாலத்துப் போலீஸ்காரர் ஒருவரும் நிகழ்காலத்துப் போலீஸ்காரர் ஒருவரும் வாக்கிடாக்கியில் பேசிப் பழைய கொலைகளைத் துப்பறிகிறார்கள். முதல் வழக்கின் பரபரப்பு முழுவதும் ஒரு கெடுவில் இருக்கிறது: 15 ஆண்டு முடிந்தால் கொலைகாரனைத் தொட முடியாது. கொரியாவில் கொலைக்கான அந்தக் காலவரம்பு 2015-இல்தான் நீக்கப்பட்டது. பார்த்தவர்களுக்கு அது ஆறாத புண். இந்தியாவில் கொலைக்குக் காலவரம்பே கிடையாது. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 468-ஆம் பிரிவு 3 ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களோடு நின்றுவிட்டது, புதிய சட்டத்திலும் அதுவே நிலை. இங்கே எடுத்தால் இல்லாத விதியொன்றைக் கற்பனையாக நுழைக்க வேண்டும்; நுழைத்தால் பார்ப்பவர் நம்ப மாட்டார். நம் சட்டத்துக்குள்ளேயே ஒரு கெடு வேண்டுமென்றால் தீர்ப்பு நாளைப் பாருங்கள். ஒருமுறை விடுதலையாகி மேல்முறையீட்டு வழிகளும் அடைபட்டுவிட்டால், அவரை அதே குற்றத்துக்கு மறுபடி கூண்டில் ஏற்ற முடியாது. கொலையாளி நாளை விடுதலையாகப் போகிறான், இன்று இரவுக்குள் பழைய சாட்சி வேண்டும். கொரியக் கெடு தந்த அழுத்தம் இதிலும் கிடைக்கும்.

‘மதர்’ கதைக்கும் இதே கேள்வி வரும். அடிபட்ட குழந்தையைக் கண்ட ஆசிரியை ஏன் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போடவில்லை? மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறதே? முதல் வாரத்திலேயே அவள் போன் செய்ய வேண்டும், ஆட்கள் வர வேண்டும், வந்தும் குழந்தை அதே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதைக் காட்டாமல் கடத்தலுக்குப் போனால் அவள்மீது இரக்கம் வராது, எரிச்சல்தான் வரும்.

அதிகம் ஆசைப்படப்படும் கதை ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. புதுயுகம் தொலைக்காட்சியின் தமிழ் டப்பிங்கில் அதைப் பார்த்து வளர்ந்த கூட்டம் இங்கே உண்டு. மூலம் கமியோ யோக்கோவின் ஜப்பானிய மங்கா (படக்கதை), 1992-இல் தொடங்கியது. நடிகர்களை வைத்துத் தொலைக்காட்சித் தொடராக எடுப்பதில் முந்திக்கொண்டது தைவான், 2001-இல் ‘மீட்டியர் கார்டன்’. ஜப்பான் 2005-இல், கொரியா 2009-இல், சீனா 2018-இல், தாய்லாந்து 2021-இல். ஒரே எலும்புக்கூடு: பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஓர் ஏழைப் பெண், நான்கு வாரிசுகள், எதிர்ப்பவர்மீது மொத்தப் பள்ளியையும் ஏவிவிடும் சிவப்பு அட்டை.

ஏழைப் பெண் அந்த இடத்துக்குள் எப்படி வந்தாள் என்பதற்கு ஒவ்வொரு நாடும் பதில் சொல்லியாக வேண்டும். கொரியா, சலவைக்கடைக்காரர் மகள் மாடியிலிருந்து குதிக்கப் போன மாணவனைக் காப்பாற்றுகிறாள், செய்தி பரவுகிறது, பள்ளி தன் பெயரைக் காக்க அவளுக்கு நீச்சல் உதவித்தொகை கொடுக்கிறது என்று எழுதியது. இந்த வகையில் வந்த பதில்களில் இதுவே கச்சிதம் என்போம். தமிழில் எடுப்பவர்கள் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தை நினைப்பார்கள். கவனம்: அது நுழைவு வகுப்பில் சேர்ந்து 8-ஆம் வகுப்போடு முடிவது. 11-ஆம் வகுப்பில் ஒருத்தியைப் புதிதாக அதில் கொண்டுவந்தால் தவறு. எல்கேஜியிலிருந்து அங்கேயே படித்தவளுக்கு 9-ஆம் வகுப்பில் முழுக் கட்டணச் சீட்டு வீடு தேடி வருகிறது என்று தொடங்கினால், சட்டமும் சரி, கதைக்கும் அது நல்ல தொடக்கம்.

சிவப்பு அட்டைதான் பெரிய ஆபத்து. தைவான் கதையைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றியதுபோல நீங்களும் கல்லூரிக்கு மாற்றினால் அது ராகிங் ஆகிவிடும். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் ராகிங்கைத் தடுக்கத் தனிச்சட்டம் போட்ட மாநிலம் இது. அதைச் செய்பவனை மூன்றாம் வாரம் காதலனாக்கினால் பார்ப்பவர் வயிறு கலங்கும். பயந்து அட்டையையே எடுத்துவிடுவதும் தீர்வல்ல. 2018 சீன வடிவம் கொடுமையைப் பெரும்பாலும் கழற்றி, நால்வரையும் பிரிட்ஜ் சீட்டாட்ட வீரர்களாக்கியது. எதிர்த்து நிற்க எதுவுமில்லாமல் நாயகி 49 எபிசோட் நடக்கிறாள். தாய்லாந்து செய்ததே சரியான வழி: கொடுமையை வைத்துக்கொண்டு, அதற்கு ஆளானவர்களையும் கதையில் வைத்து, நாயகனைக் கணக்குத் தீர்க்கச் செய்தது. 16 எபிசோடில் அதை முடித்தும் காட்டியது.

‘இத்தேவோன் கிளாஸ்’ என்ற கொரியத் தொடர் பற்றி ஒரே ஒரு விஷயம். அது மதுக்கடை நடத்தி முன்னேறும் இளைஞனின் கதை. ஜப்பான் அதை ‘ரொப்பொங்கி கிளாஸ்’ ஆக்கியபோது, டோக்கியோவில் வெளிநாட்டவர் புழங்கும் இரவுத் தெருவைத் தேடிப் பிடித்தது. அங்கே அந்தத் தொழில் அப்படியே செல்லும். மதுச் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கும் மாநிலத்தில் அது செல்லாது. பிரியாணிக் கடையாக மாற்றுங்கள். ஆனால் முதலாளி முன் மண்டியிட மறுக்கும் காட்சியை மாற்றாதீர்கள். காலில் விழ மறுப்பவனுக்கு இங்கே கொரியாவைவிடக் கூடுதல் அர்த்தம் உண்டு, சாதியையும் சேர்த்து.

உண்மையில் நீங்கள் பார்க்க வேண்டிய கொரியத் தொடர்கள் இந்தப் பிரபலமான 16 எபிசோட் வகையே அல்ல. கேபிஎஸ் வார இறுதிக் குடும்பத் தொடர்கள் 50 எபிசோட் அளவில் வருகின்றன. வாரம் ஐந்து நாள் வரும் தினசரித் தொடர்கள் அரைமணி வீதம் 120 எபிசோட் போகும். மூன்று தலைமுறை, ஒரே வீடு, சாப்பாட்டுத் தட்டைச் சுற்றிச் சண்டை. 2014-இல் தொடங்கி 53 எபிசோட் வந்த ‘வாட் ஹாப்பன்ஸ் டு மை ஃபேமிலி’யில், டோஃபு கடை நடத்தும் அப்பா தன் மூன்று பிள்ளைகள்மீதே வழக்குப் போடுகிறார். இங்கே அதற்குக் கற்பனை எதுவும் தேவையில்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். சட்டம் வைத்த உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய் என்பதும், அந்தத் தொகையைப் பிள்ளைகள் பங்கு போட உட்காருவதும் இரண்டு வாரத்துக்கு வரும். மூலக்கதையே உங்கள் கணக்கில் சுமார் 26 வாரம். ஒரு நல்ல சீரியல் ஆறு மாதத்தில் முடிந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஒப்பந்தம் போடும்போது சில கேள்விகளைக் கேளுங்கள். கையில் தருவது படப்பிடிப்புத் திரைக்கதையா, சப்டைட்டில் கோப்பா? சப்டைட்டிலிலிருந்து எழுதிய வசனம் முதல் காட்சியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை எபிசோட் வரை அனுமதி, கூடுதல் எபிசோடுக்குத் தனிக் கட்டணமா? கதையின் முடிவை மாற்ற மூல எழுத்தாளரின் சம்மதம் வேண்டுமா? மங்கா அல்லது வெப்டூன் (இணையப் படக்கதை) அடிப்படை என்றால் அந்த உரிமை யாரிடம்? பின்னணி இசை இதில் அடங்குமா? அடங்காது என்றே வைத்துக்கொண்டு பட்ஜெட் போடுவது நல்லது.

உரிமை வாங்காமல் ‘இன்ஸ்பிரேஷன்’ என்று எடுக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், அதற்கான காலம் போய்விட்டது. ‘ஸ்க்விட் கேம்’ தமிழ்க் குரலில் வீட்டுக்குள் வந்துவிட்டது. ப்ரோமோ வந்த ஒரு மணி நேரத்தில் மூலத்தின் காட்சியைப் பக்கத்தில் வைத்து யாராவது ரீல்ஸ் போட்டுவிடுவார்கள். முறையாக வாங்கியவர்கள் டைட்டிலில் மூலத் தொடரின் பெயரையும் எழுத்தாளர் பெயரையும், வாசிக்க முடிகிற அளவு எழுத்தில், குறைந்தது 3 விநாடி நிறுத்திக் காட்டுங்கள். மொத்தம் எத்தனை எபிசோட் என்பதை முதல் ப்ரோமோவிலேயே அறிவியுங்கள்; டிஆர்பி ஏறினாலும் அந்த எண்ணை மாற்றாதீர்கள்.

இப்படிக்கு,
ஆசியத் தொடர்களை நாடுவாரியாக ஒப்பிட்டுப் பார்த்துவரும் தமிழ்ப் பார்வையாளர்கள் சிலர்