சனசமூக நிலைய வாசிகசாலை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர்களாகிய குருக்கள் ஐயா, பங்குச் சுவாமி, போதகர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

சிரமதானம், விளையாட்டுப் போட்டி, பத்திரிகைச் சந்தா, முன்பள்ளிக் கூரைத் திருத்தம் எல்லாம் கூட்டக் குறிப்பில் இருக்கின்றன. காசு விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். இந்த வருடம் வாசிகசாலைக்கு உண்மையில் வேலை வைத்தது கைத்தொலைபேசிதான்.

மன்னார் மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்குச் சனம் ஆயத்தப்படுகிற நாட்களில், ஊர் வட்ஸ்அப் குழுக்களில் கத்தோலிக்கரைப் பற்றிய குற்றச்சாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மடுவுக்குச் சைவச் சனமும் நேர்த்தி வைத்துப் போகிற ஊர் எங்களுடையது. அப்படியிருந்தும் போதகரின் சபைக்காரரும் வேதக்காரராகிய கத்தோலிக்கரும் சந்தியில் கண்டால் முகம் கொடுக்காத நிலை வந்தது. ஆகவே செயற்குழு ஒரு தீர்மானம் எடுத்தது. பாப்பரசர் சொன்னார், திருச்சபை எழுதியது என்று எது வந்தாலும், எங்கே, எப்போது என்று கேட்பது. மூலத்தில் முழுப் பந்தியையும் வாசிப்பது. அதற்குப் பிறகே பதில் எழுதுவது.

முதலில் வந்தது சுலபமானது. விக்கிரகங்களைத் தடுக்கும் கட்டளையைக் கத்தோலிக்கர் வேதாகமத்திலிருந்து வெட்டிவிட்டார்களாம். எங்கள் அலுமாரியிலேயே 1995இல் கத்தோலிக்கரும் ஏனைய சபையினரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியம் இருக்கிறது. விடுதலைப் பயணம் 20ஆம் அதிகாரத்தில் அந்த வசனம் அப்படியே நிற்கிறது. சிறுவர் மனப்பாடம் செய்யும் சுருக்கக் கட்டளைகளில் அது முதலாம் கட்டளைக்குள் அடங்கிப் போயிருப்பதைக் கண்டவர்கள்தான் வெட்டியதாக நினைத்திருக்கிறார்கள். ஆதித் திருச்சபை அறிஞர் அகுஸ்தீனார் எண்ணிய இந்த முறையையே கத்தோலிக்கரல்லாத லூதரன் சபையாரும் பின்பற்றுகிறார்கள். அலுமாரிவரை நடந்தால் முடிகிற காரியத்துக்கு இரண்டு கிழமை சண்டை நடந்தது.

பாப்பரசரின் மூன்றடுக்கு முடியில் 'விக்காரியுஸ் ஃபிலியி தேயி' (இறைமகனின் பதிலாள்) என்று இலத்தீனில் எழுதியிருக்கிறது, அதன் உரோம எண்களைக் கூட்டினால் வேதாகமம் சொல்லும் மிருகத்தின் எண்ணான 666 வரும் என்ற செய்தி இளைஞர்களுக்கு நல்லாய்ப் பிடித்திருந்தது. கூட்டிப் பார்த்தார்கள், 112, 53, 501. கணக்குச் சரி! ஆனால் அந்த எழுத்துள்ள முடி ஒன்றுதான் இல்லை. 1963இல் பாப்பரசர் ஆறாம் பவுல் சூடி, அடுத்த வருடம் கழற்றிக் கொடுத்த முடி இன்று வாஷிங்டன் பேராலயத்தில் காட்சிக்கு இருக்கிறது. அதிலும் அப்படி எதுவும் இல்லை. இந்தக் கூட்டல் 1612இல் அந்திரேயாஸ் ஹெல்விக் என்ற ஜெர்மானியர் செய்தது. அந்தச் சொற்றொடர் கொன்ஸ்தந்தீன் பேரரசன் பாப்பரசருக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் 'கொன்ஸ்தந்தீனின் நன்கொடை' என்ற பத்திரத்தில் வருகிறது. அதுவோ 8ஆம் நூற்றாண்டில் எழுதிய கள்ளப் பத்திரம். 1440இல் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் அதைப் பிடித்துக்கொடுத்தார். அவரும் கத்தோலிக்கர் என்பதைச் சபைத் தம்பிமார் கவனிக்கவேண்டும்.

"இயேசுவோடு தனிப்பட்ட உறவு ஆபத்தானது" என்று பாப்பரசர் பிரான்சிஸ் சொன்னதாக வந்த செய்தி வேறு சாதி. அது முழுப் பொய்யல்ல. 2014 ஆனி 25ஆம் திகதி புதன்கிழமை உரையில் அவர் ஆபத்து என்று சொல்லத்தான் செய்தார். எதை? திருச்சபையின் ஐக்கியத்துக்கு வெளியே, அதன் துணையின்றி, இயேசுவோடு நேரடி உறவு வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை. அந்த நடுப்பகுதியைக் கத்தரித்துவிட்டார்கள். முழு வசனத்தோடும் போதகர் உடன்படவில்லை, அது அவருடைய உரிமை. ஆனால் வெட்டிய துண்டைத் தன் சபையில் இனி வாசிப்பதில்லை என்று இந்த மண்டபத்திலேயே சொன்னார். இந்த வருடத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான்.

பாப்பரசர் பத்தாம் லியோ கிறிஸ்துவின் 'கட்டுக்கதை' நமக்கு எவ்வளவு இலாபம் தந்தது என்று கூறினாராம் என்பதையும் பார்த்தோம். அது ஜோன் பேல் என்ற ஆங்கிலேயர் பாப்பரசர்களை நையாண்டி செய்து எழுதிய 16ஆம் நூற்றாண்டு நூலிலிருந்து கிளம்பியது. அதற்கு மேல் நேரம் செலவழிக்கவில்லை.

அடுத்தது சங்கடமானது. புறச்சமயத்தாரை நிரந்தர அடிமையாக்கப் பாப்பரசர் ஒருவர் அனுமதி கொடுத்தார் என்று ஒரு செய்தி வந்தது. தேடினோம், உண்மை. 1452இல் ஐந்தாம் நிக்கலஸ் போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிய 'தும் திவேர்சாஸ்' மடலில் அப்படியே இருக்கிறது. எங்கள் கரைக்கும் வந்த போர்த்துக்கேயர்தான். 1537இல் மூன்றாம் பவுல் அமெரிக்கப் பூர்வகுடிகளை அடிமையாக்கக் கூடாது என்று எழுதினார். இத்தகைய மடல்களை ஆதாரமாகக் காட்டி, கண்டுபிடித்த நாடு கண்டுபிடித்தவனுக்கே சொந்தம் என்ற கொள்கையை வத்திக்கான் 2023 பங்குனி 30ஆம் திகதி மறுதலித்தது. இதையும் அறிவிப்புப் பலகையில் போடுவதா என்று குழுவுக்குள் நல்ல வாக்குவாதம். மூத்த அங்கத்தவர் ஒருவர், தானும் கத்தோலிக்கர், "எங்கடை வீட்டு ஊத்தையை நாங்களே ஏன் தெருவில கொட்டவேணும்?" என்று கேட்டார். மடலும் மறுதலிப்பும் ஒரே தாளில் ஒட்டப்பட்டன. உண்மையை மறைத்துவிட்டு மற்றவனின் பொய்யைப் பிடிக்கப் போனால் எங்களை யார் நம்புவார்கள் என்பது என் எண்ணம். குழுவில் பெரும்பான்மையும் அதுவே.

இலத்தீன் மூலங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பையே நம்பவேண்டியிருந்தது. இலத்தீன் படித்த சுவாமிமார் எவரேனும் உதவினால் நன்று. வரும் வருடம் சைவக் கோயில்களையும் அல்லேலூயாச் சபைகளையும் பற்றி வருகிறவற்றுக்கும் இதே விதிதான்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன். திருவிவிலியத்தை இரவல் எடுத்துச் சென்றவர் தயவுசெய்து திருப்பித் தரவும்.

செயலாளர்