உன் பேரு இன்னும் ரெஜிஸ்டர்ல இருக்குல மாப்ள

ஏல மாப்ள,

நல்லாருக்கியா, தங்கச்சி எப்படி இருக்கா, கடை எப்படிப் போவுது. நீ பாஸ்போர்ட்டுக்கு நம்ம ஸ்கூல்ல படிச்ச சான்று, அதான் ரெக்கார்ட் ஷீட், வேணும்னு வாட்ஸப்புல கேட்டு பத்து நாள் ஆச்சு, "பாக்கேன்"னு ஒத்த வார்த்தை போட்டுட்டு அப்படியே இருந்துட்டேன், கோவிச்சுக்காத. அரையாண்டுப் பரீட்சை, கிறிஸ்மஸ் புரோகிராம், எமிஸ் வெப்சைட்ல ஏத்த வேண்டியதுன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு. இன்னைக்கு மத்தியானம் பிள்ளைகள அனுப்பிட்டு, நாளைல இருந்து லீவுன்னதும்தான் பீரோவத் திறந்து பழைய அட்மிஷன் ரெஜிஸ்டர எடுத்தேன். எடுத்த பிறகு ரெண்டு வரியில பதில் போட மனசு வரல, அதான் இவ்வளவு நீளமா தட்டிக்கிட்டு இருக்கேன், கடையில கூட்டம் இல்லாத நேரம் பாத்து படி.

உன் பேரு இருக்கு. பயப்படாத. 2023 டிசம்பர் வெள்ளத்துல, அதான் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சுதுன்னு டிவியில கெடந்து கத்துனாங்கள்லா, அன்னைக்கு நம்ம ஸ்கூலுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. ஊரே நம்ம சர்ச் கோயிலுக்குள்ள படுத்து கெடந்தோம், உங்க தெரு ஆளுங்களும்தான், மூணு நாள் கோயில்லதான் பொங்குனோம். தண்ணி வடிஞ்ச பிறகு பாத்தா பீரோவோட கீழ்த்தட்டு பூரா நனைஞ்சு போச்சு. நானும் டீச்சரும் ரெஜிஸ்டர் ஒவ்வொண்ணையும் வேட்டியில ஒத்தி ஒத்தி எடுத்து, கோயில் வராந்தாவுல நைலான் கயிறு கட்டி துணி காயப்போடுத மாதிரி விரிச்சுப் போட்டோம். ரெண்டு வருஷ வருகைப்பதிவு கஞ்சி மாதிரி ஆயிட்டு, ஆனா அந்தக் காலத்து மை கெட்டி மை போல, 1973 பக்கம் லேசா ஊதிப்போயிருக்கு, அவ்வளவுதான். உனக்கு மேல என் பேரு, கீழ உன் பேரு.

ஒரு தமாஷ் கேளு. நம்ம கூட சேந்த பதினேழு பேர்ல பதினோரு பேருக்குப் பிறந்த தேதி மே மாசம். பெரிய சார் தலைக்கு மேல கைய விட்டு காதைத் தொடச் சொல்வார்லா, தொட்டா ஜூன்ல அஞ்சு வயசு முடிஞ்ச மாதிரி ஒரு தேதிய அவரே போட்டுக்கிடுவார். உனக்கு 15, எனக்கு 16. ஆமால, நீ என்னை விட ஒரு நாள் மூப்பு, கவர்மென்ட் கணக்குப்படி.

சரி, நீ கேட்ட இன்னொரு விஷயத்துக்கு வாரேன். பள்ளிக்கூடத்த மூடப் போறாங்களாமேன்னு கேட்டிருந்த. யாரு சொன்னான்னு தெரியும், அவன் மக நாசரேத் பக்கம் வேன்ல போறா, அவனுக்கு இது மூடுனா என்ன மூடாட்டா என்ன. மூடல மாப்ள. ஆனா மூடுத வரைக்கும் போயிட்டு வந்தது உண்மைதான், அதை உனக்கு நான் சொல்லல, மனசு கஷ்டப்படுவன்னு விட்டுட்டேன்.

2023 ஆகஸ்ட்ல எல்லா கவர்மென்ட் ஆரம்பப் பள்ளிக்கும் காலை உணவு வந்துதுல்ல, அது நம்மள மாதிரி எய்டட் ஸ்கூலுக்கு, அதான் கவர்மென்ட் சம்பளம் குடுத்து மிஷன் நடத்துத ஸ்கூலுக்கு, கிடையாதுன்னுட்டாங்க. அங்கன ஓடைக்கு அந்தாண்ட பஞ்சாயத்து யூனியன் ஸ்கூல்ல காலையில கிச்சடி, பொங்கல், சாம்பார்னு போடுதாங்க, இங்கன நம்ம பிள்ளைங்க வெறும் வயித்தோட தமிழ்த்தாய் வாழ்த்துக்கு நிக்குது. ஒரு வருஷத்துல எட்டு பிள்ளைங்க டி.சி. வாங்கிட்டுப் போயிட்டு. நான் யாரைக் குத்தம் சொல்ல, காலையில அஞ்சு மணிக்கு வாழைத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போற தாய் எப்ப அடுப்பு பத்தவைப்பா. 34 பேர் இருந்த இடத்துல 26. ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி கணக்குப்படிதான் போஸ்டிங் நிர்ணயம்னு உனக்குத் தெரியுமோ என்னமோ, அந்த ஒரு தேதி வந்தா எனக்கு வயித்தக் கலக்கும். அறுபது பிள்ளை வரைக்கும் ரெண்டு வாத்தியார்னு சட்டத்துல இருக்கு, ஆனாலும் எண்ணிக்கை இப்படி இறங்குச்சுன்னா பக்கத்து ஸ்கூலோட சேத்துரலாமான்னு பேச்சு ஆரம்பிச்சுரும், ஆரம்பிச்சும் இருந்துச்சு.

பொறவு 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள் அன்னைக்கு, கிராமத்து எய்டட் ஸ்கூலுக்கும் காலை உணவு உண்டுன்னு ஆரம்பிச்சாங்க. திருவள்ளூர் பக்கம் கீழச்சேரியில ஒரு கிறிஸ்தவ எய்டட் ஸ்கூல்லதான் முதலமைச்சர் தொடங்கி வச்சார். இங்கயும் அன்னைக்கே பந்தி. முதல் நாள் ரவை உப்புமா. நான் ஒரு வாய் எடுத்து வச்சதும் என்ன ஞாபகம் வந்துச்சு தெரியுமா, நாம படிக்கையில வருமே அமெரிக்கா கோதுமை உப்புமா, அந்த பால் பவுடர், அதை நீ டவுசர் பையில அள்ளிப் போட்டு வெயில்ல கட்டியாகி உங்கம்மாட்ட அடி வாங்கினியே, அதான். டீச்சர்ட்ட சொல்லிச் சிரிச்சேன், அவளுக்கு அது புரியல, அவ சத்துணவு முட்டை சாப்பிட்ட காலத்து ஆளு.

சமைக்கிறது சுய உதவிக் குழு பொண்ணு, சமைக்கிறவ பிள்ளை அதே ஸ்கூல்ல படிக்கணும்னு ரூல், அவ மகன் இங்க ரெண்டாங்கிளாஸ், அதனால உப்பு புளி சரியாத்தான் இருக்கு. போன எட்டு பேர்ல அஞ்சு பேரு திரும்பி வந்துட்டு. இப்ப 31. சோத்துக்காக வாராங்கன்னு நம்ம சபையிலயே ஒரு பெரியவர் சொன்னார், நான் "நாமளும் அதுக்குத்தான வந்தோம் அண்ணாச்சி"ன்னுட்டு வந்துட்டேன்.

இதுல எனக்கு உறுத்துற ஒண்ணு சொல்லுதேன், வெளியில சொல்லாத. இந்த 31-ல நம்ம கோயில் பிள்ளைங்க 9 பேர்தான். பாக்கி 22 உங்க சுடலைமாடன் கோயில் தெரு, வடக்குத் தெரு, அப்புறம் செங்கல் சூளைக்கு வந்த குடும்பம் ஒண்ணு. ஞாயித்துக்கிழமை கோயில்ல பாத்தா முப்பது பிள்ளைங்க சண்டே ஸ்கூல்ல நிக்குது, திங்கக்கிழமை அதுல இருபத்தொண்ணு மஞ்ச வேன்ல ஏறிப் போவுது. இது மிஷன் ஸ்கூல், நம்ம பாட்டனுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த ஸ்கூல்னு அசனத்தன்னைக்கு, அதான் கோயில் விருந்தன்னைக்கு, மைக்ல பேசுதாங்க பாத்துக்கோ, பேசுதவன் பேரப்பிள்ளை இங்கிலீஷ் மீடியம். நான் குத்தம் சொல்லல, என் மகனையும் நான் ஆறாங்கிளாஸ்ல டவுனுக்குத்தான் அனுப்புனேன், உனக்குத் தெரியும். ஆனா இன்னைக்கு இந்தப் பள்ளிக்கூடத்த நிக்கவைக்கிறது சபை இல்ல மாப்ள, சுடலைமாடன் கோயில் தெருதான். இதை நான் அசனத்துல சொன்னா அடுத்த வருஷம் எனக்குக் கறி விழாது.

அஞ்சாம் கிளாஸ் முடிஞ்சதும் இன்னொரு கூத்து. முன்ன எல்லாம் அடுத்து நம்ம மிஷன் ஹைஸ்கூல்தான்னு கண்ண மூடிட்டு சேப்பாங்க. இப்ப தகப்பன்மார் விவரமா கேக்காங்க, "சார், டாக்டர் சீட்டு ஏழரை சதவீதம் கவர்மென்ட் ஸ்கூலுக்குத்தானாமே, எய்டட்ல படிச்சா கிடையாதாமே"ன்னு. ஆறுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்சிருக்கணும், அதான் உண்மை. ஒரே தெரு, ஒரே கூலி, அதே புஸ்தகம், ஆனா போர்டுல எய்டட்னு இருந்தா கோட்டா இல்ல, என்ன நியாயமோ. புதுமைப் பெண் ஆயிரம் ரூவாயும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு, 2024 டிசம்பர் கடைசியில தூத்துக்குடியில வச்சுதான் எய்டட்ல தமிழ் மீடியம் படிச்ச பிள்ளைகளுக்கும்னு விரிச்சாங்க. இதையும் ஒரு நாள் விரிப்பாங்கன்னு சொல்லி அனுப்புதேன், அவங்க தலைய ஆட்டிட்டு கவர்மென்ட் ஸ்கூல் பக்கமா போயிருதாங்க.

டீச்சர் பத்தி சொல்லணும். நீ பாத்ததில்ல, 2012-ல வந்தா, சாத்தான்குளம் பக்கம். ரெண்டே பேரு, அஞ்சு கிளாஸ், அதுல நான் பாதி நாள் கிளார்க். ஒண்ணு ரெண்டு மூணு அவ கையில. எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு பிள்ளைகள படிக்கிற அளவப் பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு உக்கார வைக்கணும், நாலாங்கிளாஸ்ல ஒருத்தன் அரும்புல இருப்பான், அவன் மீசை முளைக்கப்போற வயசு, கேலி பண்ணுவாங்கன்னு அவனுக்கு "கூட்டத் தலைவர்"னு ஒரு வேலை குடுத்து அரும்புல உக்கார வச்சா, அந்த அறிவு எந்த டிரெய்னிங்லயும் சொல்லிக் குடுக்கல.

அவளுக்கு இப்ப ஒரு இடி. 2025 செப்டம்பர் ஒண்ணாம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துதுல்ல, அஞ்சு வருஷத்துக்கு மேல சர்வீஸ் பாக்கி இருக்கிறவங்க ரெண்டு வருஷத்துக்குள்ள டெட், அதான் ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ் பண்ணணும்னு. மைனாரிட்டி ஸ்கூலுக்கு இது பொருந்துமாங்கத பெரிய பெஞ்சுக்கு அனுப்பியிருக்காங்க, அதனால எங்களுக்கு உண்டா இல்லையான்னு தலைக்கு மேல கத்தி தொங்குது. நான் தப்பிச்சேன், எனக்கு அஞ்சு வருஷமே இல்ல. அவளுக்கு நாப்பத்தி மூணு வயசு, ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. தீர்ப்பு வந்த அன்னைக்கு ஒண்ணும் பேசல, மறுநாள் கைடு வாங்கிட்டு வந்துட்டா. காலையில பிள்ளைங்க சாப்பிடுதப்போ தூணுல சாஞ்சுக்கிட்டு குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் படிக்கா. முப்பது மார்க் அதுல. எதிர்ல ஒரு குழந்தை பொங்கல்ல இருக்க மிளகப் பொறுக்கி பொறுக்கி பக்கத்து தட்டுல போடுது, அவ புஸ்தகத்துல இருந்து கண்ண எடுக்காமயே "ஏய், அவன் தட்டுல போடாத"ங்கா. இவளுக்கு குழந்தை மேம்பாட்டுல பரீட்சை வைக்காங்க மாப்ள.

கிறிஸ்மஸ் புரோகிராம் போன வெள்ளிக்கிழமை. போட்டோ குரூப்புல வந்திருக்கும். நட்சத்திரம் பூரா ஓலையில முடைஞ்சது, கடையில வாங்கல. இப்ப ஊர்ல பனை ஏறுத ஆளே மூணு பேர்தான், விடிலி, அதான் பதனி காச்சுத குடிசை, போடுத குடும்பம் ஒண்ணுதான், அந்தத் தாத்தாவைக் கூட்டிட்டு வந்து பிள்ளைங்களுக்கு முடையச் சொல்லிக் குடுத்தோம். முன்ன நம்ம காலத்துல பதனி சீசன் வந்தா பாதி கிளாஸ் விடிலிக்குப் போயிரும், பெரிய சார் செம்மண் தேரிக்குள்ள தேடி வருவார், ஞாபகம் இருக்கா. இப்ப விடிலின்னா என்னன்னு அஞ்சாங்கிளாஸ் பையன் கேக்கான். போன பிப்ரவரியில வேன் பிடிச்சு மெஞ்ஞானபுரம் கோயிலக் காட்டக் கூட்டிட்டுப் போனேன், கோபுரம் 192 அடிடான்னேன், ஒருத்தன் "எத்தனை பனை சார்"னு கேட்டான். அங்கயே மண்ணுல எழுதி வகுத்தோம், நம்ம ஊர்ப் பனை அறுபது அடின்னா மூணு பனையும் ஒரு சின்ன வடலிப் பனையும்.

நாடகத்துக்கு வாரேன். மரியாளா நடிச்சது சுடலைமாடன் கோயில் சாமியாடி கிழவியோட பேத்தி. கிழவி முன்னாடி நாளே வந்து "என் பிள்ளைக்கு நீலச் சேலைதான் கட்டணுமாமே"ன்னு பெட்டியில இருந்து ஒரு பட்டுத்துண்டு கொண்டு வந்து குடுத்தா. ஞானிகள் மூணு பேர்ல ஒருத்தன் வெள்ளைப்போளத்துக்குப் பதிலா சில்லுக்கருப்பட்டி கொட்டான் கொண்டு வந்தான், பாதி வழியில பிரிச்சுத் தின்னுட்டான். பாலன் இயேசு பொம்மை வேண்டாம், நெசப் பிள்ளையாவே இருக்கட்டும்னு சமையல்காரப் பொண்ணோட ஏழு மாசக் குழந்தையப் படுக்க வச்சோம், அதான் தப்பு. தூதன் வசனம் சொல்ல ஆரம்பிச்சதுல இருந்து கத்து கத்துன்னு கத்துது. மரியாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்துட்டு மைக் முன்னாடியே "சும்மா கெடல, மாமா பாடுதாங்கல்லா"ன்னா. சேகரத்து ஐயர், அதான் நம்ம பாஸ்டர், சிரிச்சு கண்ணுல தண்ணி. ஐயரம்மாவுக்கு அவ்வளவா பிடிக்கல.

அப்ப உன் நினைப்புதான் எனக்கு. நீ யோசேப்பா நின்ன வருஷம், தாடி பஞ்சு மூக்குக்குள்ள போயி தும்முனதுல ஆட்டுக்குட்டி பயந்து ஓடி, அதைப் பிடிக்க நீயும் ஓடி, சத்திரத்துல இடம் இல்லைன்னு சொல்ல யோசேப்பே இல்ல. உங்க அப்பா முன்வரிசையில உக்காந்து அப்படிச் சிரிச்சாரு. அவர் சாவுக்கு நான் வரும்போது அதைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க உங்க சித்தப்பா.

ஓடு மாத்தணும்னு குரூப்புல நான் போட்ட மெசேஜ் பாத்திருப்ப. பழைய மாணவர்னு இதுவரைக்கும் பதினெட்டாயிரம் வந்திருக்கு, தெற்குப் பக்கத்து ஓடு மட்டும் மாத்தலாம். உன்கிட்ட நான் கேக்கல, தங்கச்சி ஆபரேஷன் செலவு தெரியும். வாங்காத வரைக்கும் நிம்மதியா பேசலாம்.

ரெக்கார்ட் ஷீட் எழுதி சீல் போட்டு வச்சிருக்கேன். பாஸ்போர்ட்டுக்குத்தானேன்னு பேரு, அப்பா பேரு எல்லாம் ரெஜிஸ்டர்ல இருக்குத மாதிரியே போட்டிருக்கேன், ஒரு புள்ளி மாத்தல. சிங்கப்பூருக்கு எப்ப கிளம்புதீங்க, மகளுக்கு மாசம் என்ன. ஸ்பீட் போஸ்ட்ல போடவா இல்ல பொங்கலுக்கு வரும்போது கையில வாங்கிக்கிடுதியா, சொல்லு. வந்தா பனங்கிழங்கு அவிச்சு வைக்கச் சொல்லுதேன், பக்கத்துத் தோட்டத்துல இந்த வருஷம் நல்லா இறங்கியிருக்கு.

பிறந்த தேதி மட்டும் ஒரு தடவை யோசிச்சுக்கோ. ரெஜிஸ்டர்ல 15.5.1968. உங்கம்மா எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து பல தடவை சொல்லிக் கேட்டிருக்கேன், நீ பிறந்த ராத்திரி ஐப்பசி அடைமழை, மருத்துவச்சி குடை இல்லாம சாக்கு போத்திட்டு வந்தான்னு. மாத்தணும்னா என்னால முடியாது, பெரிய சார் போட்டது போட்டதுதான்.

தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன் மாப்ள
(ஒரு நாள் இளையவன்)