மோங்குவில் பார்த்த கவுண்டா ஆட்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆப்பிரிக்க நாடான ஜாம்பியாவின் முதல் அதிபர் கென்னத் கவுண்டா பற்றிய கட்டுரை படித்தேன். ஜாம்பியா என்றாலே தலைநகர் லுசாகாவும் தாமிரச் சுரங்கங்களும்தானா? எழுபதுகளின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து போன ஆசிரியர்களில் நானும் ஒருவன். எனக்குக் கிடைத்தது மேற்கு மாகாணத்தில் மோங்கு. லுசாகாவிலிருந்து ஏறத்தாழ 600 கி.மீ. கால் புதையும் மணல். எதிரே ஜாம்பேசி ஆற்றின் வெள்ளச் சமவெளி.

1973 முதல் ஒரே கட்சி ஆட்சி. அதிபர் தேர்தலில் கவுண்டா மட்டுமே வேட்பாளர்; வேண்டும், வேண்டாம் என்று ஓட்டுப் போடலாம், அவ்வளவுதான். ஊரில் எந்தக் காரியத்துக்கும் கட்சிக்காரர் தலையசைக்க வேண்டும். தாமிர விலை விழுந்த பிறகு சோப்புக்கும் சமையல் எண்ணெய்க்கும் வரிசை. மக்காச்சோள மாவு வராத வாரங்களில் எங்களுக்குக் கவலையில்லை. மோங்கு அரிசி இருந்தது, நல்ல மணமான அரிசி! பக்கத்து வீட்டு அம்மா அந்தப் பகுதியின் லோசி இனத்தவர்; அவருக்கு மாவுக் களி இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை. 1986 டிசம்பரில் மாவு விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதும் 'தாமிரப் பட்டை' எனப்படும் சுரங்க நகரங்களில் ஏன் கலவரம் வெடித்தது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1991-இல் தோற்றதும் கவுண்டா மறுபேச்சின்றிப் பதவி விலகியதைக் கட்டுரை பாராட்டுகிறது. சரிதான். ஆனால் லோசி மக்களின் நாடான பரோட்சிலாந்துக்கு ஜாம்பியாவுக்குள் தன்னாட்சி உரிமைகள் தர, லோசி அரசருடன் 1964-இல் அவரே கையெழுத்திட்ட பரோட்சிலாந்து ஒப்பந்தம் 1969-இல் ரத்தானது. பரோட்சிலாந்து என்ற பெயரும் போய் 'மேற்கு மாகாணம்' ஆனது. மோங்குவில் அந்த மனத்தாங்கல் ஆறவே இல்லை. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்