லிங்க்கைப் புகழுமுன் எலைன்மென்ட் தாளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வாகனப் பக்கத்தில் பின்சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் தண்டுகளான சஸ்பென்சன் லிங்க்குகள் பற்றி வந்த கட்டுரை, கம்பனி லிங்க்கைக் கழற்றிவிட்டு வெளிச்சந்தை அலுமினிய லிங்க் பூட்டினாலே கார் வளைவில் பிடித்துப் போகும் என்கிறது. அது பாதி உண்மை. மற்றப் பாதியை நம்பித் திருகோணமலை இளைஞர்கள் பெருந்தொகை செலவழிக்கிறார்கள். தவறாகப் பூட்டிய சில கார்கள் முன்பிருந்ததைவிட ஆபத்தாகவும் ஆகிவிடுகின்றன.

விட்ஸ், ஸ்விப்ட் போன்ற கார்களுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. அவற்றின் பின்பக்கம் டோர்ஷன் பீம், அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம். மாற்றுவதற்கு லிங்க் இல்லை. இம்பிரேசா, லான்சர் இவோ, பழைய சிவிக் போன்றவற்றில்தான் கேள்வி எழுகிறது. 2007 வரையான இம்பிரேசாவில் ஒவ்வொரு பின்சக்கரத்தையும் குறுக்கே இரண்டு லிங்க்குகளும் நெடுக்கே ஒரு டிரெயிலிங் ஆமும் பிடித்திருக்கின்றன. 2008 மொடலிலிருந்து அது மேலும் கீழும் ஆம்கள் பிடிக்கும் டபிள் விஷ்போனாக மாறியது. இவோவில் பல லிங்க்குகள் சேர்ந்து பிடிக்கும் மல்டி லிங்க். எதுவானாலும் லிங்க்கின் வேலை ஒன்றே: சக்கரம் மேலும் கீழும் போகலாம், ஆனால் பக்கவாட்டிலோ முன்பின்னாகவோ விலகக் கூடாது.

வீதியில் ஓடும் காரில் கம்பனி இரும்பு லிங்க் வளைவதில்லை. நெகிழ்வது அதன் இரு முனைகளிலும் போல்ட்டைச் சுற்றியுள்ள றப்பர் வளையமான புஷ். ஆகவே நிறமடித்த அலுமினியக் குழாய் தன்னளவில் எதையும் மாற்றாது. புது லிங்க் உண்மையில் தருவது இரண்டு: இறுக்கமான புஷ், அல்லது நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி. எடை குறைவதை ஓட்டுபவர் கையில் உணர முடியாது.

"பூட்டிய அன்றே வித்தியாசம் தெரிந்தது" என்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் லிங்க் பூட்டும்போது பதினைந்து வருடப் பழைய, வெடித்த புஷ்ஷும் கூடவே போகிறது. பிறகு கார், சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து திருத்தும் எலைன்மென்டுக்கும் போகிறது. பல வருடங்களாகப் பிழையாக நின்ற டோ, அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, அன்றுதான் சரியாகிறது. பெயர் மட்டும் லிங்க்குக்கு. பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பழைய லிங்க்கோடேயே புதுக் கம்பனி புஷ் போட்டு, எலைன்மென்ட் செய்து, அளவுகள் அச்சிட்ட தாளை வாங்கி வையுங்கள். அதே டயர், குளிர்ந்த நிலையில் அதே காற்றழுத்தம், அதே எலைன்மென்ட் இலக்கங்கள் என்று வைத்துக்கொண்டு பின்னர் லிங்க்கை மாற்றி ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் மிஞ்சும் வித்தியாசம்தான் லிங்க்கினுடையது. கம்பனி உயரத்தில் நிற்கும் காரில், சாதாரண வீதி டயரோடு, அது மிகச் சிறியது.

லிங்க் உண்மையில் தேவைப்படும் இடம், காரைப் பதித்த பிறகு. ஸ்பிரிங் மாற்றி 30, 40 மி.மீ. இறக்கினால் பின்சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துவிடும். 1996 முதல் 2000 வரையான சிவிக்கில் பின் கேம்பரை, அதாவது இந்தச் சாய்வை, சரிசெய்யக் கம்பனி வசதியே இல்லை. டோ மட்டும்தான் திருப்பலாம். அப்படிப்பட்ட காருக்கு நீளம் மாற்றக்கூடிய மேல் ஆம் அவசியம்தான். வீதிப் பாவனைக்கு, பின்சக்கரக் கேம்பர் மைனஸ் 1 முதல் 1.5 பாகை (மேல்பக்கம் உள்ளே சாய்வு), மொத்த டோ-இன் (முன்பக்கம் உள்ளே திரும்பல்) 1 முதல் 2 மி.மீ., கேம்பரில் இடம் வலம் வித்தியாசம் அரைப் பாகைக்குள் என்றால் நன்று. இந்த எல்லைக்குள் ஏற்கெனவே நிற்கும் காருக்கு லிங்க் வாங்குவது வீண் செலவு.

லிங்க்கின் நீளத்தைக் கண்மதிப்பில் வைக்கக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. இணையாக நிற்கும் இரு லிங்க்குகள் சக்கரப் பக்கத்தில் 200 மி.மீ. இடைவெளியில் பூட்டப்பட்டிருந்தால், அவற்றில் ஒன்று 1 மி.மீ. நீண்டாலே சக்கரம் கிட்டத்தட்ட 0.3 பாகை திரும்பிவிடும். இரு பக்கமும் அப்படி நின்றால் ஒவ்வொரு டயரும் கிலோமீற்றருக்கு 5 மீற்றர் பக்கவாட்டில் இழுபடும். கந்தளாய்க்குப் போய்வரும் ஏறத்தாழ 80 கிலோமீற்றரில் அது 400 மீற்றர். புரி இடைவெளி 1.5 மி.மீ. உள்ள, இரு முனையும் எதிரெதிர்ப் புரியான லிங்க்கை ஒரு சுற்றுச் சுற்றினால் நீளம் 3 மி.மீ. மாறும். டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேய்ந்தால் எல்லாரும் கேம்பரையே குற்றம் சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோ.

இதைவிடப் பாரதூரமானது, ஒரு லிங்க்கை மட்டும் இறுக்கமாக்குவது. வளைவில் பாரம் ஏறும் வெளிச்சக்கரம் சற்று உள்நோக்கித் திரும்பும்படி புஷ்களின் மென்மையைப் பொறியியலாளர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். காரின் வால், அதாவது பின்பகுதி, நிலையாக நிற்பது அதனால்தான். பின்சக்கரத்தின் இரு குறுக்கு லிங்க்குகளில் முன்னதற்குக் கடினமான புஷ் போட்டுவிட்டு பின்னதைப் பழைய றப்பரில் விட்டால், பாரத்தில் பின்னதன் புஷ் மட்டும் அமுங்கும். சக்கரத்தின் முன்விளிம்பு வெளியே திரும்பும். காய்ந்த வீதியில் இது தெரியாமல் போகலாம். வாடைக் காலத்து மழையில், வளைவின் நடுவே அக்சிலரேற்றரிலிருந்து கால் எடுத்தால் வால் வீசும். மாற்றுவதானால் முன்னும் பின்னும், இடமும் வலமும், நான்கையும் ஒரே வகையில் மாற்றுங்கள்.

டிரெயிலிங் ஆமுக்கு, றப்பரைவிடக் கடினமான பொலியூரித்தேன் புஷ் வேண்டாம். அந்த இடம் ஒரு திசையில் மட்டும் சுழல்வதில்லை, முறுகவும் வேண்டும். பொலியூரித்தேன் முறுகாமல் பிடித்துக்கொள்ளும். சஸ்பென்சன் சீராக இறங்காது, பிராக்கெட்டும் வெடிக்கலாம். குறுக்கு லிங்க்குகளில் அது சரி. பூட்டும்போது சிலிக்கன் கிறீஸ் பூசாவிட்டால் கீச்சிடும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நிற்கும் கார்களில் கழற்றுவதே பெரிய வேலை. உப்புக் காற்றில் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருவால் ஒட்டிவிடும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். வெட்ட வேண்டி வரலாம் என்று புதுப் போல்ட், நட், சுற்றினால் எலைன்மென்டை மாற்றும் எக்சென்ட்ரிக் வொஷர் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எக்சென்ட்ரிக் போல்ட் நின்ற இடத்தைக் கழற்றுமுன் குறியிடுங்கள். பழைய லிங்க்கின் நீளத்தைப் போல்ட் துளை மையத்திலிருந்து மையம் வரை அளந்து, புதியதையும் அதே அளவில் வைத்துப் பூட்டுங்கள்.

றப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, கார் ஜக்கில் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. இந்தப் பிழை கராஜ்களில் அன்றாடம் நடக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், காரை இறக்கியதும் றப்பர் முறுகியபடியே நிற்கும், விரைவில் கிழிந்துவிடும். கையிறுக்கமாக விட்டு, காரின் பாரம் டயரில் இறங்கிய பிறகு, அந்த மொடலின் கைநூல் சொல்லும் அளவுக்கு இறுக்கத்தை அளக்கும் டோர்க் றெஞ்சால் இறுக்குங்கள்.

முனையில் றப்பருக்குப் பதில் உலோகக் குண்டு மூட்டு உள்ள ரொட் எண்ட் வகை லிங்க்குகள் பந்தயத்துக்கு உரியவை. மணலும் உப்பும் அந்தக் குண்டு மூட்டுக்குள் புகுந்தால் உட்பூச்சு தேய்ந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டக் டக் என்று அடிக்கும். வீதிக் காரில் போட்டே ஆகவேண்டுமென்றால் றப்பர் உறை உள்ளதை வாங்குங்கள். புரி குழாய்க்குள் விட்டத்தின் ஒன்றரை மடங்காவது இறங்கியிருக்க வேண்டும், 14 மி.மீ. புரிக்கு 21 மி.மீ. அதற்கும் குறைந்தால் புரி உரிந்து லிங்க் கழன்றுவிடலாம்.

செலவுக்கு வரிசை கேட்பவர்களுக்கு: நல்ல டயர், வேலை செய்யும் ஷொக், புதுக் கம்பனி புஷ், எலைன்மென்ட். இந்த நான்கும் முடிந்த பிறகும் கேம்பர் எல்லைக்குள் வராவிட்டால் லிங்க் வாங்குங்கள். பூட்டி 500 கிலோமீற்றர் ஓடியதும் லிங்க்கின் நீளம் மாறாமல் பிடிக்கும் லொக் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்த்து, டோவையும் இன்னொரு முறை அளக்கச் செய்யுங்கள். வாகனப் பக்கத்தில் இனிமேல் இப்படியான பாகங்களைப் பற்றி எழுதும்போது, பூட்டுமுன்னும் பின்னும் எடுத்த எலைன்மென்ட் இலக்கங்களையும் சேர்த்துப் பிரசுரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாகனத் திருத்துநர்,
திருகோணமலை.