பழைய ஃபியூஸ் போர்டை மாற்றும் செலவு: ஞாயிறு மாலை 5 மணிக்குக் கூட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

போர்டை மாற்ற எவ்வளவு ஆகும் என்று பலர் கேட்கிறீர்கள். பெட்டியின் விலை ஒரு பங்குதான். சர்க்யூட்டுகளின் எண்ணிக்கை, மெயின் கேபிளின் தடிமன், எர்த்திங்கின் நிலை, இவையெல்லாம் செலவைக் கூட்டும். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குக் கூடிப் பேசுவோம். அதற்கு முன்:

1. போர்டைக் கழற்றாமல், வெளியிலிருந்தே படம் எடுத்து அனுப்புங்கள்.
2. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்கள் இருவரிடமாவது எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். பொருள், கூலி, எர்த்திங் தனித்தனியாக இருக்கட்டும்.
3. அந்த மதிப்பீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உண்டா என்று பாருங்கள். ஃபியூஸுக்குப் பதிலாக வரும் எம்சிபி சுவிட்ச், ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான். ஷாக் அடித்தால் ஆளைக் காப்பாற்ற ஆர்சிசிபி வேண்டும். செலவைக் குறைக்க இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.
4. போர்டு சூடானாலோ கருகல் வாசனை வந்தாலோ ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வருகிறீர்களா என்று சனிக்கிழமைக்குள் பதில் போடுங்கள்.