நேற்று இரவு நடந்த பேச்சு பற்றி

நண்பர்களே, வணக்கம். நேற்று அரசியல் பேச்சு முற்றி, நம்மில் இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். காலையில் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

அதற்காக அரசியலே பேசக் கூடாது என்று சொல்ல மாட்டேன். பெரியாரும் ராஜாஜியும் பேசாததா? 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி, அதாவது அப்பா செய்யும் தொழிலையே பிள்ளையும் கற்க வைக்கும் கல்வி என்று சொல்லிப் பெரியார் கடுமையாக எதிர்த்தார். மறு ஆண்டே ராஜாஜி முதல்வர் பதவியிலிருந்து விலகினார். கடவுள், சாதி என்று பலவற்றிலும் எதிரெதிர் துருவங்கள். ஆனால் 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதில் மயானம் வரை வந்து கண்ணீர் விட்டு அழுதார் பெரியார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மறுப்பதென்றால் சொன்ன கருத்தை மறுங்கள். "உங்க ஆளுங்களே இப்படித்தான்" என்பது மறுப்பு இல்லை, அது அடி. கோபத்தில் ஒருமைக்கு இறங்காதீர்கள். எழுத்தில் தொனி தெரியாது. சந்தேகமாக இருந்தால் போன் செய்து கேட்டுவிடுங்கள். அப்புறம், இரவு 10 மணிக்கு மேல் வாதம் வேண்டாம், சரியா?

போன இருவரிடமும் இன்று மாலை நான் பேசுகிறேன். நேற்று அவர்களைக் கடிந்து எழுதியவர்களும் தயவுசெய்து ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள்.