ஐந்தாம் நாள் சிவப்பு

ஒட்டன்சத்திரம்
கார்த்திகை 12

அன்புத் தோழிக்கு,

நலம்தானே? உன் வீட்டுக்காரரின் கால்வீக்கம் தேவலையா?

போன வாரம் போனில், "ஏன்டி, வாடின பூவையே வரைகிறாய், மனசுல ஏதாவது குறையா?" என்று கேட்டாய். சட்டென்று பதில் வரவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தெருவைத் தாண்டினால் கண்வலிக்கிழங்குத் தோட்டம். நம் செங்காந்தள்தான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கும்போது முதலில் வருமே, பள்ளியில் போட்டி போட்டு ஒப்பித்தோமே, அதே பூ. இங்கே விதைக்காக வளர்க்கிறார்கள். யூரிக் ஆசிட் வலிக்குக் கொடுக்கும் கோல்சிசின் என்ற மருந்து அதில் இருக்கிறது. பூவில் மகரந்தத்தை வாங்கும் சூல்தண்டு, அது எட்டாதபடி ஒடித்து வைத்ததுபோலப் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். அதனால் காலையில் பெண்கள் பூப்பூவாகப் போய் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கிறார்கள்.

அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பூவை ஐந்து நாள் வரைந்தேன். முதல் நாள் இதழ்கள் பச்சை கலந்த மஞ்சள். அப்புறம் அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. ஐந்தாம் நாள் முழுக்கச் சிவப்பு. நீ வாடினது என்றாயே, அது இதுதான்.

வாட்டர்கலரில் மஞ்சள் ஈரமாக இருக்கும்போதே சிவப்பைத் தூரிகை நுனியால் தொட்டுவிட வேண்டும். அது தானாக இறங்கிப் பரவும். முந்தினால் எல்லாம் ஒரே ஆரஞ்சு, பிந்தினால் நடுவில் கோடு. காய்ந்தால் நிறம் ஒரு படி குறையும், அதனால் கொஞ்சம் அழுத்தமாகவே வைக்கணும். சாதா டிராயிங் நோட்டுத் தாள் அப்பளமாக வளைந்துவிட்டது, இப்போது 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த பருத்தித் தாள்தான். இதழின் நெளிந்த விளிம்பில் வெயில் பட்டு மின்னும் இடத்துக்குப் பெயின்ட் கிடையாது, தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட வேண்டும். முப்பது வருஷம் பேரேட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக விடாதவளுக்கு, அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா!

எனக்கு இது வேண்டும் என்று நான் யாரிடமும் உரக்கக் கேட்டதில்லை. உனக்குத் தெரியும். ஐந்தாம் நாள் அந்தச் சிவப்பைத் தண்ணீர் அதிகம் சேர்க்காமல் அப்படியே வைத்தேன். கை நடுங்கவே இல்லை. பார்க்கப் பார்க்க, நானே வாய்விட்டுப் பேசினதுபோல இருந்தது. அந்தப் பூவுக்கு நிறம் ஏறியதே கடைசியில்தானே? எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. குறை ஒன்றும் இல்லையடி.

அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தச் சிவப்பு வெளிச்சத்தில் வெளுக்கிற ரகம். ஜன்னலுக்கு எதிரே மாட்டாதே, கூடத்தின் உள்சுவர் சரியாக இருக்கும். மாதம் முடிவதற்குள் ஒரு நடை வா, அப்புறம் தோட்டத்தில் காய்தான் இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி